வெயிலுக்கு எத்தனை பெயர்கள்!

சித்திரை மாதத்தின் பிற்பகுதி பிறந்துவிட்டால், தமிழ்நாட்டில் எந்த இருவர் சந்தித்தாலும் முதற்பேச்சு வெயிலைப் பற்றியதாகவே அமைகிறது. நலம் விசாரிப்பதுகூட அதற்கு அடுத்தபடிதான். கோயில் வாசலில் காலணியைக் கழற்றும்போதும், அர்ச்சனைத் தட்டு வாங்கும்போதும், பிராகாரத் தூணில் சற்றே சாய்ந்து அமரும்போதும், "என்ன வெயில், என்ன வெயில்!" என்னும் வார்த்தை தானாகவே வந்துவிடுகிறது. கேட்பவருக்கு அது புதிய செய்தி அன்று. சொல்பவரும் அதைச் செய்தியாகச் சொல்வதில்லை. ஆயினும் சொல்லாமல் இருக்க ஒருவராலும் இயல்வதில்லை.

"கொளுத்துகிறது" என்பார் ஒருவர். "வறுத்தெடுக்கிறது" என்பார் மற்றொருவர். "மண்டையைப் பிளக்கிறது" என்று தலையில் துண்டைப் போட்டுக்கொள்பவர் உண்டு. "நெருப்பை அள்ளிக் கொட்டுகிறது" என்று பெருமூச்சு விடுபவரும் உண்டு. மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு இறங்கிவரும் இல்லத்தரசியோ, "அடுப்பே வேண்டாம், மேலேயே அப்பளம் பொரித்துவிடலாம்" என்று சிரிப்பார். சென்னைக்கு மூன்றே பருவங்கள்தாம். சூடு, அதிகச் சூடு, மிக அதிகச் சூடு என்பது அந்நகரத்தாரின் பழைய வேடிக்கை.

இவ்வளவு பேச்சிலும் ஒரு பண்பாடு இருக்கிறது. வெயிலைத் திட்டுகிறவர்கள் கதிரவனைத் திட்டுவதில்லை. "பாழாய்ப்போன வெயில்" என்று பிற்பகலில் அலுத்துக்கொண்டவரே, மறுநாள் விடியலில் கிழக்கு நோக்கிக் கைகூப்பி அர்க்கியம் விடுகிறார். கண்கண்ட தெய்வத்தின்மீது மனத்தாங்கல் இல்லை. அவன் கொடையில் சற்று மிகுதியானதைப் பற்றித்தான் முறையீடு.

இந்த முறையீடுகளை வெற்றுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கூர்ந்து கேட்டால், ஒவ்வொரு சொல்லும் உடல் தரும் ஓர் அறிக்கை என்பது புலப்படும்.

வெக்கையும் புழுக்கமும்

வெயில், வெக்கை, புழுக்கம், அனல் ஆகிய நான்கும் ஒரே பொருள் தருவன போலத் தோன்றும். பழகிய நாவு அவற்றை மாற்றிச் சொல்லாது.

வெயில் என்பது கதிரிலிருந்து நேரே மேனியில் படுவது. ஒரு வேப்பமரத்தின் அடியில் ஒதுங்கினால் அதன் கடுமை தணிந்துவிடும். வெக்கை அப்படிப்பட்டதன்று. அது தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வருவது. கதிரவன் மறைந்த பிறகும், நள்ளிரவிலும், கட்டிலுக்கு அடியிலிருந்து மேலெழுவது. புழுக்கம் என்பது காற்றசையாத வேளையில் ஈரம் செறிந்து நிற்கும் நிலை. வியர்வை வழியும், உலராது. அனல் என்பது வறண்ட காற்றோடு சேர்ந்து வருவது. அடுப்பின் வாயருகே குனிந்தாற்போல முகத்தில் அறைவது.

இவற்றுக்குமேல் 'உறைக்கிறது' என்றொரு சொல் இருக்கிறது. மிளகாய் நாவில் படும்போது சொல்லும் அதே சொல்லை, வெயில் தோளில் படும்போதும் தமிழர் சொல்கின்றனர். எரிச்சல் உள்ளே இறங்கிவிட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. நேரத்தைக் குறிக்கவும் வெயிலே பயன்படுகிறது. காலையில் இளவெயில்; பின்னர் ஏறுவெயில்; நண்பகலில் உச்சிவெயில்; மாலையில் மஞ்சள் வெயில். கடிகாரம் பார்க்காமலே, "வெயிலுக்கு முன்னால் போய் வந்துவிடு" என்று பெரியவர்கள் சொன்னால், அதற்குரிய நேரம் வீட்டில் எல்லாருக்கும் விளங்கும்.

பழந்தமிழர் வெப்பத்துக்கென ஒரு திணையையே வகுத்தனர். பாலைத் திணைக்கு வேனிலும் நண்பகலும் பொழுதுகள், கொற்றவை தெய்வம். முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்த நிலமே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். வெப்பம் ஒரு நிலத்தின் இயல்பையே மாற்றிவிடும் என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தனர்.

கத்திரியும் கர்த்தரியும்

கோடையின் உச்சத்துக்குப் பஞ்சாங்கம் தரும் பெயர் அக்னி நட்சத்திரம். இருபத்தேழு நட்சத்திரங்களில் அப்பெயருடையது ஒன்றும் இல்லை. கிருத்திகை நட்சத்திரத்துக்கு அதிதேவதை அக்னி பகவான்; அதனையொட்டிக் கதிரவன் சஞ்சரிக்கும் காலம் இப்பெயரைப் பெற்றது. பரணியின் மூன்றாம் பாதத்தில் கதிரவன் நுழைவது முதல், கிருத்திகையின் நான்கு பாதங்களையும் கடந்து, ரோகிணியின் முதற்பாதத்தை விட்டு நீங்கும் வரை இது கணக்கிடப்படுகிறது. மொத்தம் 7 பாதங்கள். ஒரு பாதத்தைக் கடக்க ஏறத்தாழ மூன்றரை நாள்கள் ஆகும் என்பதால், 24 அல்லது 25 நாள்கள் வருகின்றன. பெரும்பாலும் மே 4ஆம் நாளையொட்டித் தொடங்கி 28ஆம் நாளையொட்டி நிறைவுறுகிறது.

இதில் இன்னொரு நயமும் உண்டு. பரணிக்கு அதிதேவதை யமன், கிருத்திகைக்கு அக்னி, ரோகிணிக்குப் பிரம்மா. யமனிடம் தொடங்கி, அக்னியின் வழியே சென்று, படைப்புக் கடவுளிடம் முடிகிறது இந்தப் பயணம். முடிந்த சில நாள்களில் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது.

மக்கள் வழக்கில் இக்காலம் 'கத்திரி'. வடமொழியில் கர்த்தரி என்றால் கத்தரிக்கோல். தெலுங்குப் பஞ்சாங்கங்கள் இன்றும் இதனைக் கர்த்தரி என்றே குறிக்கின்றன. வடநாட்டாரோ, கதிரவன் ரோகிணியில் புகும் மே 25 தொடங்கி ஒன்பது நாள்களை 'நௌதபா' என்கின்றனர்; ஒன்பது வெப்ப நாள்கள் என்பது அதன் பொருள். அங்கே பிற்பகலில் வீசும் அனற்காற்றுக்கு 'லூ' என்று பெயர். ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் நாள்கள் அருகருகேதான் அமைகின்றன.

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் காண்டவ தகனத்தை இக்காலத்தோடு சேர்த்துச் சொல்வது தமிழகத்தின் செவிவழி மரபு. இடைவிடாத வேள்விகளில் நெய்யை உண்டு மந்தமுற்ற அக்னி, காண்டவ வனத்தை உண்ண விரும்பினான். இந்திரன் மழையால் தடுக்க, அருச்சுனன் அம்புகளால் கூரை அமைத்து அம்மழையை நிறுத்தினான். அப்பெருந்தீயில் தப்பியவர் மிகச் சிலரே. அவர்களுள் சிறகு முளைக்காத நான்கு சார்ங்கப் பறவைக் குஞ்சுகளும் அடங்கும். பறக்க இயலாத அவை அக்னியைத் துதிக்க, அவன் அவற்றைத் தீண்டாமல் விலகிச் சென்றான். ஓட இயலாதவரை விட்டு விலகுவது நெருப்புக்கும் தர்மம் என்று அக்கதை சொல்கிறது.

கத்திரியில் மரம் வெட்டலாகாது, கிணறு தோண்டலாகாது, வீட்டு வேலை தொடங்கலாகாது, நெடும்பயணம் கூடாது என்று பெரியோர் விலக்குகள் வகுத்தனர். பந்தலின்கீழ் நடைபெறும் திருமணத்துக்கோ தடை சொல்லவில்லை. விலக்கப்பட்டவை எல்லாம் திறந்தவெளியில் மனிதன் வியர்வை சிந்த வேண்டிய வேலைகள், அல்லது நிழலைக் குறைக்கும் செயல்கள். உழைப்பவனையும் மரத்தையும் காக்கும் கருத்து அவ்விலக்குகளுக்குள் இருப்பதை எளிதில் உணரலாம்.

சதம் அடித்த வெயில்

நாளிதழ்களுக்கு வெயிலைச் சொல்ல ஒரு தனி வழக்கு வாய்த்திருக்கிறது. "பத்து ஊர்களில் வெயில் சதம் அடித்தது" என்று, கிரிக்கெட் ஆட்டக்காரரைப் போல அது ஓட்டம் எடுக்கும். 100 டிகிரி பாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். வேலூர், திருத்தணி, கரூர், திருச்சி, மதுரை ஆகிய ஊர்கள் இப்பட்டியலில் இடம்பெறாத கோடை அரிது. சென்னையிலேயே 2003ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் 45 டிகிரி செல்சியஸ், அதாவது 113 டிகிரி பாரன்ஹீட் பதிவானது. ராஜஸ்தானத்தின் பலோடி என்னும் ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

இந்த எண்களைப் படிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வானிலை நிலையத்தின் வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஓராள் மார்பளவு உயரத்தில், நிழலில் வைக்கப்படுவது. எனவே நாளிதழ் சொல்லும் 100 டிகிரி என்பது நிழலின் வெப்பம். நேர்வெயிலில் கிடக்கும் கருங்கல் தளத்தின் சூடு அதனினும் மிக அதிகம். அந்தக் கணக்கு நாளிதழில் வருவதில்லை, பாதங்களுக்குத்தான் தெரியும்.

கதிரவன் தமிழகத்தின் தலைக்கு நேர்மேலே வருவது ஏப்ரல் மாதத்திலேயே. கன்னியாகுமரியில் அம்மாதத்தின் இரண்டாம் வாரத்திலும், சென்னையில் 25ஆம் நாளையொட்டியும் நண்பகலில் நட்டுவைத்த கோலுக்கு நிழல் விழாது. அப்படியிருக்க, மே மாதம் ஏன் கடுமையாக இருக்கிறது? தோசைக்கல்லை நினைத்தால் விடை கிடைக்கும். அடுப்பு மூட்டிய உடனே கல் காய்வதில்லை. காய்ந்த பிறகு எளிதில் ஆறுவதுமில்லை. நிலமும் அவ்வாறே நாள்தோறும் சூட்டைச் சேர்த்துக்கொள்கிறது. அதனோடு மேற்கிலிருந்து வறண்ட காற்றும் வலுக்கிறது. முற்பகலிலேயே கரையேற வேண்டிய கடற்காற்று, அந்த மேற்குக் காற்றைத் தாண்ட முடியாமல் பிற்பகல் இரண்டு, மூன்று மணிவரை தாமதிக்கிறது.

இதனை வரவு செலவுக் கணக்காகவும் பார்க்கலாம். பகலில் வெப்பம் வரவு, இரவில் செலவு. இரவு குளிர்ந்தால் கணக்கு நேராகும். காங்கிரீட் கூரையும் தார்ச்சாலையும் பெருகிய நகரத்தில் இரவு முழுதும் வெக்கை வெளியேறுவதில்லை. மிச்சம் மறுநாள் கணக்கில் முன்னிருப்பாக ஏறுகிறது. மனித உடலின் கணக்கும் இதுவே. பகலில் பட்ட சூட்டை இரவு உறக்கத்தில் ஆற்றிக்கொள்ள முடியாதவர் மறுநாள் கடன் பாக்கியோடு எழுகிறார். மூன்று நான்கு நாள்கள் இப்படிச் சென்றால், முதியவர் உடலில் அந்தப் பாக்கி பெரிதாகிவிடும்.

சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரி செல்சியஸை எட்டி, வழக்கமான அளவைவிட நாலரை டிகிரி மிகும்போது, அதனை வெப்ப அலை என்று இந்திய வானிலை ஆய்வுத்துறை அறிவிக்கிறது. கடலோர ஊர்களுக்கு அந்த வரம்பு 37 டிகிரியே. புழுக்கம் சேர்ந்தால் குறைந்த சூடும் பேரிடர் தரும் என்பதற்கு இதுவே சான்று. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது உலராது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வகை செய்தது. திண்ணைப் பேச்சாக இருந்த வெயில் இவ்வாறு அரசாணையிலும் இடம்பெற்றுவிட்டது.

இறைவனுக்கும் வெயில் உண்டு

திருக்கோயில்களில் வெயிலைப் பற்றி எவரும் அலுத்துக்கொள்வதில்லை. அதற்கு ஆவன செய்கின்றனர். சிவாலயங்களில் லிங்கத் திருமேனிக்கு மேலே அடியில் நுண்துளையுள்ள தாராபாத்திரம் தொங்கவிடப்படுகிறது. வெட்டிவேரும் ஏலமும் பச்சைக் கற்பூரமும் கலந்த நீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அக்னித் தலமாகிய திருவண்ணாமலையில் அக்னி நட்சத்திர நாள்களில் அண்ணாமலையாருக்குத் தாராபிஷேகம் நடைபெறுவது வழக்கம். அக்னியே உருவான தலத்தில், அக்னியின் பெயருடைய நாள்களில், பெருமானுக்குக் குளிர்நீர்! அன்பின் கணக்கில் இது முரணாகத் தோன்றுவதில்லை.

திருவரங்கத்தில் சித்திரையில் கோடைத் திருநாள். மலர்களால் நம்பெருமாள் மகிழ்விக்கப்படுகிறார். மதுரையில் வசந்த விழாவுக்கென்றே திருமலை நாயக்கர் புதுமண்டபத்தை எழுப்பி, சுற்றிலும் நீர் நிறுத்தும் அகழியும் அமைத்தார். ஒடிசாவின் பூரியில் அட்சய திருதியையன்று தொடங்கும் சந்தன யாத்திரை 42 நாள்கள் நடைபெறுகிறது. முதல் 21 நாள்களில் உற்சவ மூர்த்திகள் நரேந்திர தீர்த்தத்தில் ஓடமேறி உலா வருகின்றனர். கோடையின் வாசலிலேயே வரும் ஸ்ரீராம நவமிக்கு நீர்மோரும் பானகமும் நிவேதனம். சமயபுரத்தாளோ உலக நலனுக்காக மாசி, பங்குனியில் 28 நாள்கள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அந்நாள்களில் அவளுக்கு இளநீரும் நீர்மோரும் பானகமும் துள்ளுமாவுமே படைக்கப்படுகின்றன. விரதத்திலும் நீர் விலக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழநியில் சித்திரையின் கடைசி ஏழு நாள்களும் வைகாசியின் முதல் ஏழு நாள்களும் அக்னி நட்சத்திரக் கிரிவலம் நடைபெறுகிறது. அடியவர்கள் வலம்வருவது அதிகாலையிலும் மாலையிலும். எல்லாவற்றினும் எளிய சான்று அன்றாடம் கண்முன் இருக்கிறது. உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்தப்படுகிறது. பெரும்பாலான கோயில்களில் மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கிறது. நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வெளியே செல்லாதீர் என்று இன்று மருத்துவர்களும் அரசும் சொல்லும் நேரம், ஆண்டவன் ஓய்வு கொள்ளும் நேரமாகவே அமைந்திருக்கிறது. அவனே கதவை அடைத்துக்கொள்ளும் வேளையில் அடியவர் வெயிலில் நிற்பதை அவன் விரும்புவானா?

வழியில் ஒரு பந்தல்

"திருநாவுக்கரசர் நீற்றறையில் ஏழு நாள் இருந்தாரே, இந்த வெயில் என்ன செய்துவிடும்?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர் அந்தச் சுண்ணாம்பு அறைக்குள் தாமாகச் செல்லவில்லை. அரசன் அடைத்தான், இறைவன் காத்தான். அதே அப்பர் பெருமான் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து செல்லும் வழியில் பசியாலும் தாகத்தாலும் தளர்ந்தபோது, "தாங்கிக்கொள்" என்று இறைவன் சொல்லவில்லை. வழியிலே சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, பொதிசோற்றோடு அந்தணர் வடிவில் காத்திருந்தான் என்று பெரியபுராணம் உரைக்கிறது.

சுந்தரர் திருக்குருகாவூருக்கு வந்தபோதும் அவ்வாறே. வெயிலிலும் பசியிலும் வாடி வந்த தோழனுக்காக இறைவனே வழியில் பந்தல் அமைத்து, சோறும் தண்ணீரும் தந்து, இளைப்பாறச் செய்தான். திங்களூரில் அப்பூதியடிகள் தாம் நேரில் கண்டிராத நாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். வெயிலில் நடந்துவந்த நாவுக்கரசர் அந்தப் பந்தலின் குளிர்ச்சியைக் கண்டுதான், அதை அமைத்தவர் யார் என்று விசாரித்தார். ஒரு பெரும் நட்பு தண்ணீர்ப் பந்தலில் பிறந்தது.

இவற்றால் ஒன்று தெளிவாகிறது. வெயிலைத் தாங்கிக் காட்டுவதை நம் மரபு பக்தியின் அளவுகோலாக வைக்கவில்லை. வெயிலில் வந்தவரைக் குளிர்விப்பதையே அறமாக வைத்தது. தாகத்தை ஒப்புக்கொண்டு நீரைப் பெற்றுக்கொள்வதிலும் அடியார்கள் நாணவில்லை.

"பார்க்காத வெயிலா?"

வெயிலைப் பற்றிய சொற்களுள் மிகவும் ஆபத்தானது ஒன்று உண்டு. "எங்கள் காலத்தில் பார்க்காத வெயிலா?" என்பதே அது. பிள்ளைகள் குடை எடுத்துத் தரும்போதும், பேரன் ஆட்டோ பிடித்து வருகிறேன் என்னும்போதும் பெரியவர்கள் வாயில் இச்சொல் வருகிறது. பார்த்த வெயில் உண்மைதான். அன்று அந்த வெயிலைப் பார்த்த உடல் முப்பது வயதினது. இன்று பார்ப்பது எழுபது வயதினது.

முதுமையில் தாக உணர்ச்சி மங்குகிறது. நீர் வற்றிய பிறகும் நாக்கு கேட்பதில்லை. வியர்வையும் குறைவதால், உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி சுருங்குகிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகள் சிறுநீரைப் பெருக்குவன. கோடையில் அவற்றின் அளவு பற்றி மருத்துவரைக் கேட்பது நன்று. தாமாக நிறுத்துவது கூடாது. எனவே தாகத்துக்குக் காத்திராமல், மணிக்கொருமுறை சிறிது சிறிதாக நீர் அருந்துவதே முறை. நீர்மோர் நல்லது, உப்பு அளவோடு இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்க்குப் பானகம் ஒரு மிடறு பிரசாதமாகப் போதும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீரையும், நீரின் மொத்த அளவையும் மருத்துவர் சொற்படியே கொள்ள வேண்டும்.

பாதங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மற்றவர் துள்ளி ஓடும் சூட்டில் அவர் அமைதியாக வெளிப்பிராகாரம் சுற்றி வருவார். அதைப் பக்தியின் உறுதி என்று எண்ணி மகிழவும் கூடும். இல்லம் திரும்பிய பிறகே கொப்புளம் தெரியும்; அது புண்ணாகி ஆற மாதங்கள் ஆகலாம். பல கோயில்களில் இப்போது தென்னை நார் விரிப்பு இடுகின்றனர். வெண்ணிறப் பூச்சுப் பாதையும் அமைக்கின்றனர். அவற்றின்மீதே நடக்கலாம். கொடிமரத்தருகே நமஸ்கரித்து, உட்பிராகாரத்தை வலம்வந்தாலும் பலன் குறைந்துவிடாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியைப் பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் செய்வது இன்னும் நல்லது.

சொல் நின்றுபோகும் இடம்

உடல் தன் நிலையைத் தொடக்கத்தில் சொற்களால் அறிவிக்கிறது. "நாக்கு வறண்டுவிட்டது." "கெண்டைக்கால் இழுக்கிறது." "தலை கிறுகிறுக்கிறது." "கண் இருட்டுகிறது." "படபடவென்று வருகிறது." வீட்டில் இருப்போர் இவற்றை வழக்கமான புலம்பல் என்று விட்டுவிடலாகாது. இவை வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். நிழலும் நீரும் ஈரத்துணியும் விசிறியும் ஓய்வும் இந்நிலையில் போதுமானவை.

இதற்கு அடுத்த நிலையில் சொற்கள் நின்றுவிடுகின்றன. உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது மூளை தடுமாறுகிறது. காலையிலிருந்து "என்ன வெயில்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சற்று அமர்கிறார், அல்லது பொருத்தமில்லாமல் பேசுகிறார், பெயரைச் சொல்லி அழைத்தால் திகைக்கிறார், நடை தள்ளாடுகிறது, மேனி தொட்டால் கொதிக்கிறது, சிலருக்கு வியர்வையும் நின்றுவிடுகிறது. "அப்பா அசந்துவிட்டார், தூங்கட்டும்" என்று விடுவது இங்கே உயிருக்கே ஆபத்தாகும். உடனே 108ஐ அழைக்க வேண்டும். ஊர்தி வரும் வரை நிழலில் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, மேனி முழுதும் நீர் தெளித்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் குளிர்ந்த ஈரத்துணி வைக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் நீர் புகட்டலாகாது; அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

ஆகவே கோடையில் வெயிலைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருப்பது நல்ல அடையாளம். பேச்சு நின்றால்தான் எழுந்து சென்று பார்க்க வேண்டும். தனியாக வாழும் முதியவர்கள் பெருகிவிட்ட இந்நாளில், பிற்பகல் மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "மாமி, உள்ளே வெக்கை எப்படி?" என்று கேட்பதும், வெளியூரிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேச வைப்பதும் பெரிய உதவி. பதில் தெளிவாக வருகிறதா என்பதைக் கேட்டாலே பாதி நிலைமை விளங்கிவிடும்.

கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மையாருக்கும், தேங்காய் விற்பவருக்கும், காலணிக் காவலருக்கும், சந்நிதியின் வெம்மையில் தீபாராதனை காட்டும் அர்ச்சகருக்கும் உச்சிவெயிலில் ஓய்வு அரிது. தரிசனத்துக்குச் செல்லும் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு பாத்திரம் நீர்மோரை எடுத்துச் சென்றால், இறைவனுக்குச் செய்த தாராபிஷேகத்தின் மிச்சம் அவர்களுக்கும் சேரும். மதில்மேல் ஒரு சட்டியில் நீர் வைத்தால் காக்கையும் குருவியும் அதில் பங்கு பெறும்.

ரோகிணியின் முதற்பாதத்தைக் கதிரவன் கடந்ததும் கத்திரி விடைபெறும். ஆண்டவன் அருளால் கோடை மழையும் இடையில் பொழியட்டும். அதுவரை பெரியவர்கள் விடியற்காலை தரிசனத்தையே கொள்க. உச்சிப்பொழுதில் ஆண்டவனைப் போலவே கதவடைத்து ஓய்வெடுக்க. தாகம் எடுக்கும் முன்பே நீர் அருந்துக. "என்ன வெயில்!" என்று தாராளமாகச் சொல்லவும் செய்க. கேட்பவர் அதைக் காதில் வாங்கி, ஒரு குவளை நீரோடு வரட்டும்.